கரமனைக் கௌன்சிலரின் ஏழு நாட்கள்

தமிழகத்துக்கு வெளியே குடியேறி வாழும் தமிழர் ஒருவரிடம், அவர் வாழும் மாநிலத்தின் முதலமைச்சர் யார் என்று கேட்டால் உடனே விடை சொல்வார். அத்தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் யார் என்று கேட்டால், சற்று யோசித்தாவது சொல்லிவிடுவார். ஆனால் அவருடைய வார்டு எது, அந்த வார்டின் சார்பில் நகரசபையில் அமர்ந்திருப்பவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மௌனமே விடையாகக் கிடைக்கும். குழாயில் தண்ணீர் வராத நாளிலும், தெருவிளக்கு எரியாத இரவிலும், வீட்டில் பிறந்த குழந்தையின் பெயரைப் பதிவு செய்யவேண்டிய வேளையிலும் நமக்கு வேண்டியவர் முதலமைச்சர் அல்லர். நாடாளுமன்ற உறுப்பினரும் அல்லர். பெயர் தெரியாத அந்த மூன்றாமவரே நமக்கு வேண்டியவர். அவருடைய ஒரு வாரத்து அலுவல்களைக் குறித்தே இன்று நாம் சிறிது சிந்திக்க எண்ணுகிறோம்.

இதற்கு எடுத்துக்காட்டாகத் திருவனந்தபுரம் நகரத்தின் கரமனைப் பகுதியை எடுத்துக்கொள்வோம். கிழக்குக் கோட்டையிலிருந்து சாலைக் கடைத்தெருவைக் கடந்து, நாகர்கோயில் செல்லும் பெருவழியில் தெற்கு நோக்கிப் போனால் முதலில் கிள்ளியாறு குறுக்கிடும். அதற்கப்பால் சிறிது தூரத்தில் கரமனையாறு வந்துவிடும். இவ்விரண்டு ஆறுகளுக்கும் இடையே அமைந்த ஊரே கரமனை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஹார்ஸ்லி என்ற ஆங்கிலேயப் பொறியாளரின் மேற்பார்வையில் கட்டப்பட்ட கற்பாலம் இவ்வூருக்கு ஓர் அடையாளம். சத்தியவாகீசுவரர் கோயிலும், அதைச் சார்ந்த அக்கிரகாரத் தெருக்களும், அங்கே தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசிவரும் குடும்பங்களும் மற்றோர் அடையாளம்.

இக்குடும்பங்களைக் குடியேறியவர்கள் என்று சொல்வதா, மண்ணின் மக்கள் என்று சொல்வதா என்பது எளிதில் தீராத கேள்வி. திருவிதாங்கூர் ஒரே ராஜ்யமாக இருந்தவரையில் நாகர்கோயிலிலிருந்து கரமனைக்கு வருவது, ஒரு வீட்டில் ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்கு வருவது போன்றதே. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதியன்று தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் செங்கோட்டைப் பகுதியும் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. கரமனை கேரளத்தில் நின்றது. முந்தைய இரவு வரையில் ஒரே ராஜ்யத்தின் பிரஜைகளாக இருந்த உறவினர்கள், மறுநாள் காலையில் இரண்டு மாநிலத்தவர் ஆனார்கள். கரமனைத் தமிழர்கள் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. ஆயினும் மொழிச் சிறுபான்மையினர் ஆகிவிட்டார்கள். மும்பையிலோ பெங்களூரிலோ கல்கத்தாவிலோ நெடுநாளாக வாழ்ந்துவரும் தமிழர்களுக்கு இந்நிலைமையை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

திருவனந்தபுரம் நகராட்சி 1940-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் தேதி மாநகராட்சியாக உயர்த்தப்பட்டது. 2010-ஆம் ஆண்டில் சுற்றியிருந்த ஐந்து பஞ்சாயத்துகள் இணைந்ததும் அதன் வார்டுகள் 100 ஆயின. 2025 டிசம்பர்த் தேர்தலின்போது 101 ஆயின. ஒரு வார்டுக்குச் சுமார் பத்தாயிரம் மக்கள் என்று கொள்ளலாம். 2010-ஆம் ஆண்டுத் தேர்தல் முதல் கேரளத்தின் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. 2020 டிசம்பரில் இந்நகரத்தின் மேயராகப் பதவியேற்ற ஆரியா ராஜேந்திரன் அப்போது 21 வயதுக் கல்லூரி மாணவி. ஆகவே கௌன்சிலர் என்றதும் நரைத்த மீசையும் அங்கவஸ்திரமும் கொண்ட பெரியவர் ஒருவரை மனத்தில் வரைந்துகொள்வோமானால், அப்படத்தை நாம் மாற்றிக்கொள்ள வேண்டும். சமையலை முடித்துவிட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய பிறகு கோப்பைக் கையில் எடுக்கும் பெண்மணியாகவும் அவர் இருக்கக்கூடும்.

இப்படிப்பட்ட வார்டு ஒன்றின் கௌன்சிலர் ஒரு வாரத்தை எவ்வாறு கழிக்கிறார்? நாட்களின் வரிசை முன்பின்னாக மாறலாம். அலுவல்களின் இயல்பு மாறுவதில்லை.

திங்கட்கிழமை வீட்டு வாசலில் தொடங்குகிறது. விடிந்ததும் விடியாததுமாக நாலைந்து பேர் வந்து நிற்பார்கள். ஒருவருக்கு வசிப்பிடச் சான்றுக் கடிதம் வேண்டும். மற்றொருவருடைய தாயாருக்கு வரவேண்டிய உதவிச் சம்பளம் நின்றுபோயிருக்கும். கேரளத்தில் முதியோருக்கும் கைம்பெண்களுக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் அளிக்கப்படும் சமூகப் பாதுகாப்பு உதவிச் சம்பளத்துக்கு விண்ணப்பிக்க வேண்டிய இடம் உள்ளாட்சி மன்றமே. பயனாளி உயிரோடு இருக்கிறார் என்பதைக் கைவிரல் ரேகை பதித்து உறுதி செய்யும் ஏற்பாடும் உண்டு. எண்பது ஆண்டுகள் மாவாட்டியும் துணி துவைத்தும் தேய்ந்த விரல்களின் ரேகையை இயந்திரம் ஏற்க மறுக்கும்போது, அந்த மூதாட்டி எங்கே போவாள்? கௌன்சிலரின் வாசலுக்குத்தான் வருவாள்.

2024 ஜனவரி முதல் தேதியன்று கேரளத்தின் நகர உள்ளாட்சி மன்றங்களில் கே-ஸ்மார்ட் என்ற கணினி முறை நடைமுறைக்கு வந்தது. பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுகள், கட்டட அனுமதி, சொத்து வரி ஆகியவற்றுக்கு வீட்டிலிருந்தபடியே விண்ணப்பிக்கலாம். இதனால் பலருடைய அலைச்சல் குறைந்தது. ஆயினும் கணினியில் கை பழகாதவர்களுக்கு அது மற்றோர் பூட்டிய கதவாகவே தோன்றுகிறது. தமிழில் பேசுவதும் மலையாளத்தில் எழுதுவதும் ஆங்கிலத்தில் கையொப்பமிடுவதுமாக மூன்று மொழிகளுக்கிடையே வாழும் கரமனை முதியோர் ஒருவருக்கு, ஒரு படிவத்தை நிரப்பித் தருவதற்கு அரைமணி நேரம் செல்லும். இந்த அரைமணி நேரம் எந்தச் செய்தித்தாளிலும் இடம்பெறாது. கௌன்சிலரின் வாரத்தில் பெரும்பகுதி இத்தகைய அரைமணி நேரங்களால் ஆனதே.

செவ்வாய்க்கிழமை தண்ணீருக்கு என்று வைத்துக்கொள்வோம். திருவனந்தபுரத்துக்குக் குடிதண்ணீர் தருவது கரமனையாறுதான். அகத்தியமலைப் பகுதியிலிருந்து இறங்கிவரும் இந்த ஆற்றை அருவிக்கரையில் தடுத்து, அங்கிருந்து நகரத்துக்குக் குழாய்வழியே நீர் கொண்டுவரும் திட்டம் 1933-ஆம் ஆண்டில் தொடங்கிவைக்கப்பட்டது. அன்றைய வைசிராயின் பெயரால் அது வில்லிங்டன் நீர்நிலையம் என்று வழங்கியது. 1983-ஆம் ஆண்டில் மேலே பேப்பாறையில் ஓர் அணையும் எழுந்தது. ஆற்றின் பெயரும் ஊரின் பெயரும் ஒன்று. ஆனாலும் கரமனை வீடுகளின் குழாய்மீது கரமனைக் கௌன்சிலருக்கு அதிகாரம் இல்லை. 1984-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட கேரள நீர் ஆணையத்தின் பொறுப்பில் குடிநீர் வழங்கல் இருக்கிறது. மின்சாரம் மின்வாரியத்தின் பொறுப்பு. நாகர்கோயில் பெருவழி நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பு. ஒரே தெருவின் ஐந்தடி அகலத்துக்குள் நான்கு துறைகளின் குழாயும் கம்பியும் ஓடையும் தாரும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன.

இதன் விளைவை நகரம் 2024 செப்டம்பரில் கண்டது. நாகர்கோயில் இருப்புப்பாதையை இரட்டிப்பாக்கும் வேலையை முன்னிட்டுப் பாதையின் கீழே சென்ற பெரிய குடிநீர்க் குழாய்களை இடம் மாற்ற வேண்டியிருந்தது. இரண்டொரு நாளில் முடியும் என்று கருதப்பட்ட வேலை நீண்டுகொண்டே போயிற்று. நகரத்தின் நாற்பதுக்கு மேற்பட்ட வார்டுகளில் நாலைந்து நாட்கள் குழாய்கள் வறண்டு கிடந்தன. பள்ளிகளுக்கு விடுமுறை விடவேண்டி வந்தது. ஓணம் பண்டிகை நெருங்கிய சமயம் அது. மாநகராட்சி குழாயை மாற்றவும் இல்லை. இருப்புப்பாதை போடவும் இல்லை. ஆயினும் ஜனங்கள் குடத்தை எடுத்துக்கொண்டு சென்றது கௌன்சிலரைத் தேடித்தான். தண்ணீர் லாரி எந்தச் சந்துக்கு முதலில் வரவேண்டும், லாரி நுழையாத சந்துக்கு எப்படிக் கொண்டு சேர்ப்பது, படுக்கையில் கிடக்கும் நோயாளியின் வீட்டுக்கு யார் சுமப்பது என்பவற்றை நள்ளிரவில் தீர்மானிக்க வேண்டியவர் அவரே. அவருக்கு அதிகாரம் இல்லை என்பது சட்டத்தில் இருக்கிறது. தாகத்தோடு நிற்பவரிடம் அச்சட்டத்தைப் படித்துக் காட்ட எந்தக் கௌன்சிலராலும் முடியாது.

குடிநீருக்காக உழைத்த நகரத் தலைவர் ஒருவரை இங்கே நினைவுகூர்வது பொருத்தம். 1939-ஆம் ஆண்டில் சென்னை மேயரான தீரர் சத்தியமூர்த்தி பூண்டி நீர்த்தேக்கத்துக்கு வழிகோலினார். அணை 1944-இல் முடிவதற்கு முன்பே அவர் காலமாகிவிட்டார். இன்று அந்த நீர்த்தேக்கம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. சேலம் நகரசபையில் ராஜாஜியும், அகமதாபாத்தில் வல்லபாய் படேலும், அலகாபாத்தில் நேருவும் தலைமை தாங்கியவர்கள். நாட்டை நடத்தக் கற்றுக்கொள்ளுமுன் அவர்கள் சாக்கடையையும் குழாயையும் கவனிக்கக் கற்றுக்கொண்டார்கள்.

புதன்கிழமை நிலைக்குழுக் கூட்டம். நிதி, வளர்ச்சி, மக்கள் நலம், சுகாதாரம், மராமத்து, நகரமைப்பு, வரி மேல்முறையீடு, கல்வியும் விளையாட்டும் என்று கேரள மாநகராட்சிகளில் எட்டு நிலைக்குழுக்கள் இருக்கின்றன. கௌன்சிலர்கள் இவற்றில் பிரிந்து அமர்ந்து பணியாற்றுகிறார்கள். இந்த ஏற்பாடு நமக்குப் புதியதன்று. காஞ்சிபுரத்தை அடுத்த உத்தரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள், ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்துக் குடவோலை மூலம் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்ததைச் சொல்கின்றன. ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்று அக்காலத்திலேயே நிலைக்குழுக்கள் இருந்தன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி தேர்ந்தெடுக்கப்படலாகாது என்ற விதியும் அக்கல்வெட்டில் இருக்கிறது. ஆயினும் ஒரு வேறுபாட்டையும் சொல்லிவிட வேண்டும். நிலமும் சொந்த வீடும் வேதக் கல்வியும் உடைய ஆடவருக்கே அன்று அவ்வுரிமை இருந்தது. இன்று வாடகை வீட்டில் குடியிருக்கும் பெண்ணும் அந்நாற்காலியில் அமரலாம். கணக்குக் காட்டவேண்டும் என்ற விதியை நாம் பழமையிலிருந்து எடுத்துக்கொள்வோம். யார் அமரலாம் என்ற விதியில் இக்காலமே மேலானது.

வியாழக்கிழமை குப்பையைப் பற்றியது. இதைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம். திருவனந்தபுரத்தின் அண்மைக்கால வரலாற்றில் குப்பையைப்போல் மனிதர் மனத்தைக் கலக்கிய பொருள் வேறில்லை. 2000-ஆம் ஆண்டில் நகரத்துக்கு வெளியே விளப்பில்சாலை என்ற கிராமத்தில் குப்பை பதப்படுத்தும் நிலையம் ஒன்று திறக்கப்பட்டது. நகரத்தின் கழிவெல்லாம் அங்கே சென்றது. கிராமத்தாருக்கு நாற்றமும் நோயும் கெட்டுப்போன நீரும் மிஞ்சின. பல ஆண்டுகள் போராடிய பிறகு 2011 டிசம்பரில் அவர்கள் அந்நிலையத்தை மூடச்செய்தார்கள். நம்முடைய வீட்டுக் குப்பையை அடுத்தவர் வாசலில் கொட்டும் காலம் அன்றோடு முடிந்தது.

அதன் பின்னர், குப்பை உண்டாகும் இடத்திலேயே அதை முடிக்க வேண்டும் என்ற கொள்கை வந்தது. மக்கும் கழிவுக்கு வீட்டுத் தொட்டிகளும், தும்பூர்முழி என்று பெயர்பெற்ற பொதுத் தொட்டிகளும் ஏற்பட்டன. மக்காத பிளாஸ்டிக் முதலியவற்றை ஹரித கர்ம சேனையைச் சேர்ந்த பெண்கள் மாதந்தோறும் வீடு வீடாகச் சென்று, சிறு கட்டணம் பெற்றுக்கொண்டு எடுத்துச் செல்கிறார்கள். கொள்கையை வகுப்பது சட்டசபையின் வேலை. தொட்டியை எந்த மூலையில் வைப்பது என்று முடிவு செய்வதோ கௌன்சிலரின் தலையில் விழுகிறது. தொட்டி வேண்டும் என்று எல்லாரும் கையொப்பமிடுவார்கள். தம் வாசலுக்கு எதிரே மட்டும் வேண்டாம் என்று ஒவ்வொருவரும் தனியே வந்து சொல்வார்கள். சேனைப் பெண்களுக்குக் கட்டணம் தர மறுப்பவர்களும், அவர்களிடம் கடுஞ்சொல் பேசுகிறவர்களும் உண்டு. இவர்களுக்கெல்லாம் நடுவே ஒரு நாள் முழுவதும் நடந்து, இணக்கம் உண்டாக்கி, மாலையில் ஒரு மூலையைக் கண்டுபிடித்தால் அந்த வாரத்தில் அது ஒரு வெற்றி.

இந்த வெற்றியின் பெறுமானம் என்ன என்பதற்கு ஒரு துயரமான சாட்சியம் இருக்கிறது. 2024 ஜூலை 13-ஆம் தேதி, தம்பானூர் ரயில் நிலையத்தின் அடியில் ஓடும் ஆமையிழஞ்சான் தோட்டில், மலைபோல் அடைத்துக் கிடந்த குப்பையை அகற்ற இறங்கிய துப்புரவுத் தொழிலாளி ஒருவர் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டார். மீட்புப் படையினர் இருட்டிலும் சேற்றிலும் பிளாஸ்டிக் குவியலிலும் தேடினார்கள். இரண்டு நாட்களுக்குப் பிறகு அவர் உடல் கிடைத்தது. தோட்டின் அந்தப் பகுதி ரயில்வேயின் பொறுப்பா, மாநகராட்சியின் பொறுப்பா என்ற வாதம் அதன்பின் எழுந்தது. வாதத்தில் இரு பக்கத்தாருக்கும் சொல்வதற்கு நியாயங்கள் இருந்தன. ஆனால் அந்தத் தோட்டை அடைத்த பொருட்கள் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒவ்வொரு கடையிலிருந்தும் வந்தவை. ஒரு வார்டில் ஒரு தொட்டிக்கு மூலை கிடைக்காவிட்டால், அக்குப்பை ஓடைக்குப் போகிறது. ஓடையிலிருந்து தோட்டுக்கும் ஆற்றுக்கும் போகிறது. பிறகு அதை அள்ளுவதற்கு ஓர் ஏழை மனிதர் இறங்க வேண்டியிருக்கிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018-இல் வெளியிட்ட மாசுபட்ட ஆறுகளின் பட்டியலில் கரமனையாறும் இடம்பெற்றது. மேலே நகரத்துக்குக் குடிநீர் தரும் ஆறு, நகரத்துக்குள் புகுந்து வெளியேறுமுன் இந்நிலையை அடைந்துவிடுகிறது.

வெள்ளிக்கிழமை மாநகராட்சி மன்றக் கூட்டம் என்று கொள்வோம். மேயர் தலைமை வகிப்பார். நூற்றுக்கு மேற்பட்ட உறுப்பினர்கள். கட்சிப் பூசல்களும் கூச்சலும் அடுத்த நாள் பத்திரிகையில் இடம்பெறும். ஆனால் கௌன்சிலருக்கு உண்மையில் வேண்டியது, ஒரு சிறு ஓடைக்கான தீர்மானம். அதற்கு மதிப்பீடு, தொழில்நுட்ப அனுமதி, ஒப்பந்தப்புள்ளி என்ற படிகளைக் கடந்தாக வேண்டும். மார்ச் 31-இல் நிதியாண்டு முடிந்துவிடும். அடுத்த ஆண்டின் வேலை தொடங்குமுன் இடவப்பாதி மழை வந்து நிற்கும். அதில் தப்பினால் துலாவருஷம் காத்திருக்கும். 2023 அக்டோபர் நடுவில் பெய்த பெருமழையில் தலைநகரின் தாழ்ந்த பகுதிகளெல்லாம் நீரில் மூழ்கின. இரண்டு ஆறுகளுக்கு நடுவே அமைந்த ஊரில் ஓடையின் ஓர் அடி ஆழம் எத்தனை வீடுகளின் உறக்கத்தைக் காக்கும் என்பதை அனுபவித்தவரே அறிவர். ஆகவே மன்றத்தில் தமக்குக் கிடைக்கும் இரண்டு மூன்று நிமிஷங்களில் கட்சியைப் பற்றிப் பேசுவதா, ஓடையைப் பற்றிப் பேசுவதா என்பது ஒவ்வொரு கௌன்சிலருக்கும் ஏற்படும் சோதனை. எல்லாரும் ஓடையையே தேர்ந்தெடுக்கிறார்கள் என்று சொல்வதற்கில்லை.

சனிக்கிழமை வார்டுக் குழுக் கூட்டம். 1992-ஆம் ஆண்டின் எழுபத்து நான்காவது அரசியலமைப்புத் திருத்தம் பெருநகரங்களில் வார்டுக் குழுக்களை ஏற்படுத்தச் சொல்லிற்று. 1994-ஆம் ஆண்டின் கேரள முனிசிபாலிடிச் சட்டம் அதற்கு உருவம் கொடுத்தது. 1996-இல் தொடங்கிய மக்கள் திட்டமிடல் இயக்கம், மாநிலத் திட்டச் செலவில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளுக்கு அளிப்பதென்று கூறி, அக்குழுக்களுக்குப் பேசப் பொருளும் தந்தது. 1998-இல் உதித்த குடும்பஸ்ரீ இயக்கத்தின் அயல்கூட்டங்கள், தெருவுக்குத் தெரு பெண்களை ஒன்றாக உட்கார வைத்தன. குடியிருப்போர் சங்கங்கள், அயல்கூட்டங்கள், கல்வி நிறுவனங்கள் முதலியவற்றின் பிரதிநிதிகள் கூடும் இக்கூட்டத்துக்குக் கௌன்சிலர் தலைமை தாங்குகிறார். வீடில்லாதவர் யார், யாருக்கு முதலில் உதவி, எந்தச் சந்துக்கு முதலில் விளக்கு என்பவை இங்கே பேசப்படுகின்றன.

ஏழு நாட்களிலும் மிக முக்கியமான நாள் இதுவே என்பது நம் கருத்து. மற்ற நாட்களில் கௌன்சிலர் தனி மனிதர். ஒரு துறையின் வாசலிலிருந்து மற்றொரு துறையின் வாசலுக்கு மனுவைச் சுமப்பவர். இந்த நாளில் மட்டும் அவருக்குப் பின்னால் ஒரு வார்டு நிற்கிறது. நூறு பேர் கூடி நிறைவேற்றிய தீர்மானத்தோடு நீர் ஆணையத்தின் பொறியாளரிடம் செல்லும் கௌன்சிலருக்கும், தாமாகவே ஒரு கடிதம் எழுதிக்கொண்டு செல்லும் கௌன்சிலருக்கும் கிடைக்கும் மரியாதை ஒன்றாக இராது. ஊர் கூடினால்தான் தேர் நகரும். கூடாத ஊரில், வடத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவர் மட்டும் நின்றால் தேரும் நகராது, கையும் நோகும். துரதிருஷ்டவசமாக, நகரவாசிகள் இக்கூட்டங்களுக்கு வருவது குறைவு. 2020-ஆம் ஆண்டு உள்ளாட்சித் தேர்தலில் கேரள மாநிலம் முழுவதும் நூற்றுக்கு எழுபத்தைந்து பேருக்கு மேல் வாக்களித்தார்கள். தலைநகரில் அந்த எண்ணிக்கை அறுபதை ஒட்டியே நின்றது. படித்தவர்களும் உத்தியோகஸ்தர்களும் மிகுந்த நகரத்தின் நிலைமை இது.

ஞாயிற்றுக்கிழமை ஓய்வு என்று நினைப்போமானால் ஏமாந்துபோவோம். அன்றுதான் திருமணங்களும், சங்கங்களின் ஆண்டுவிழாக்களும். மாசி மாதத்தில் ஆற்றுக்கால் பொங்காலை வந்தால் நகரத் தெருக்களெல்லாம் அடுப்புகள் எரியும். அன்றிரவே மாநகராட்சி தெருக்களைக் கழுவித் துடைத்துவிடுகிறது. எரிந்த செங்கற்களைச் சேர்த்து ஏழைகளின் வீடுகட்டும் வேலைக்குக் கொடுப்பதும் உண்டு.

புரட்டாசியில் வரும் நவராத்திரியோ கரமனைக்கே உரிய பெருமை. பத்மநாபபுரத்துச் சரசுவதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னூற்று நங்கையும் ஆண்டுதோறும் தமிழ்நாட்டு எல்லையைக் கடந்து திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளுகின்றனர். கரமனைப் பாலத்தைத் தாண்டித்தான் அவ்வூர்வலம் நகருக்குள் புகவேண்டும். 1956-இல் நிலப்பரப்பு இரண்டாகப் பிரிந்த பிறகும் இவ்வழக்கம் நிற்கவில்லை. எல்லையில் இரு மாநிலத்துக் காவலரும் அதிகாரிகளும் கூடிநின்று மரியாதை செய்து வழியனுப்புகிறார்கள், வரவேற்கிறார்கள். பக்தர்களின் கண் சரசுவதியின் யானைமீது இருக்கும். கௌன்சிலரின் கண்ணோ சாலையில் உள்ள குழியின்மீதும், எரியாத விளக்கின்மீதும் இருக்கும். இரண்டும் பக்தியின் வகைகளே என்று சொன்னால் மிகையாகாது.

நேயர்களே! ஒரு வாரத்தைப் பார்த்தோம். இதிலிருந்து பிற மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நாம் எதை எடுத்துக்கொள்ள வேண்டும்?

நம்மில் பலரிடம் ஓர் எண்ணம் இருக்கிறது. நம் ஊர் வேறு, நாம் இங்கே பிழைக்க வந்தவர்கள், இவ்வூர்க் காரியங்களில் நமக்கென்ன என்பதே அவ்வெண்ணம். ஆகவே வாக்கைச் சொந்த ஊரில் வைத்துக்கொண்டு, வாழ்க்கையை வேறோர் ஊரில் நடத்துகிறோம். கோயில் கட்டுவதற்கும் தமிழ்ச் சங்கம் நடத்துவதற்கும் தாராளமாகக் கூடுகிறோம். வார்டுக் கூட்டத்துக்குப் போவதில்லை. விளைவு என்ன? தாராவியானாலும் பெங்களூரின் குடிசைப் பகுதியானாலும், ஓடை அடைக்கும்போது அது மொழி பார்த்து அடைப்பதில்லை. ஆனால் அதைத் திறக்கும் வரிசையில், குரல் எழுப்பாதவர்களின் தெரு கடைசியில் வருகிறது.

மொழி ஒரு தடையாகத் தோன்றலாம். ஆனால் நம் அரசியலமைப்பின் 350-ஆவது பிரிவு, குறை தீர்க்கக் கோரும் மனுவை, மத்திய அரசிலோ அந்த மாநிலத்திலோ வழங்கும் மொழி எதிலும் அளிக்கும் உரிமையை ஒவ்வொருவருக்கும் தருகிறது. கேரளத்தில் 1969-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்திலேயே தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசுக்கு எழுத வழி செய்யப்பட்டது. உரிமை இவ்வாறு இருந்தாலும், வாழும் ஊரின் மொழியில் நாலு வாக்கியம் எழுதத் தெரிந்துகொள்வது நமக்கு இழுக்கன்று, பலமே ஆகும். கரமனைத் தமிழர்கள் வீட்டில் தமிழும் தெருவில் மலையாளமும் பேசுகிறார்கள். அதனால் அவர்களுடைய தமிழ் தேய்ந்துவிடவில்லை. குடிமை உரிமையும் குறைந்துவிடவில்லை.

செய்யவேண்டியவை அதிகமில்லை. முதலாவது, நாம் வாழும் ஊரின் உள்ளாட்சி வாக்காளர் பட்டியலில் நம் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது. கேரளம் போன்ற சில மாநிலங்களில் இப்பட்டியல் சட்டசபைப் பட்டியலிலிருந்து வேறானது. மாநிலத் தேர்தல் ஆணையம் தனியே தயாரிப்பது. ஒன்றில் பெயர் இருந்தால் மற்றொன்றிலும் இருக்கும் என்று நம்பியிருந்து வாக்குரிமையை இழப்பவர் பலர். இரண்டாவது, எந்தக் குறைக்கு எந்தத் துறை பொறுப்பு என்பதைத் தெரிந்துகொள்வது. தண்ணீர்க் குழாய்க்கு ஓர் அலுவலகம், தெருவிளக்குக்கு மற்றோர் அலுவலகம் என்று பிரித்து அறிந்தவரின் மனு பாதி வழியைத் தானே கடந்துவிடுகிறது. மூன்றாவது, ஆண்டுக்கு ஒரு தடவையாவது வார்டுக் கூட்டத்தில் போய் உட்காருவது. பேசவேண்டும் என்பதுகூட இல்லை. நாம் வந்திருக்கிறோம் என்பதே ஒரு செய்தி.

கௌன்சிலரிடம் குறை காண்பதும் நம் உரிமைதான். அவர் கணக்குக் காட்ட வேண்டும். கேட்ட கேள்விக்கு விடை தரவேண்டும். தம் கட்சிக்காரருக்கு ஒரு நீதியும் மற்றவருக்கு ஒரு நீதியும் வைத்திருந்தால், ஐந்தாண்டு முடிவில் அவரை வீட்டுக்கு அனுப்பவும் வேண்டும். ஆனால் அவரிடம் இல்லாத அதிகாரத்துக்காக அவரை நிந்திப்பதும், அவரிடம் இருக்கும் அதிகாரத்தைப் பயன்படுத்தும்படி தூண்டாமல் இருப்பதும் ஒருசேரச் செய்யும் தவறுகள். அவருக்குக் கிடைக்கும் மதிப்பூதியம் சொற்பம். அவருடைய தொலைபேசி உறங்குவதில்லை. இந்தப் பெரிய தேசத்தில், ஆட்சி செய்கிறவர்களுள் நம் வீட்டு வாசலை அடையாளம் தெரிந்தவர் அவர் ஒருவரே.

ஆகவே இந்த வாரத்திலேயே உங்கள் கௌன்சிலர் யார் என்பதை விசாரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். அடுத்த வார்டுக் கூட்டம் எப்போது என்று கேட்டு வையுங்கள். பக்கத்து வீட்டாரையும், அவர்கள் எந்த மொழி பேசுகிறவர்களாக இருந்தாலும், உடன் அழைத்துச் செல்லுங்கள். தெருவுக்கு விளக்கு வேண்டும் என்று இருவரும் சேர்ந்து கேட்கும் அந்த மாலையில், இவ்வூர் நமக்கும் சொந்த ஊராகிவிடும்.